பிடுங்கும் கைகள் ஜாக்கிரதை! புல் அல்லாத ‘காங்கிரஸ் புல்’

(நமது டோம்பிவிலி நிருபர்)

மழை பிடித்துப் பத்து நாள் ஆகிவிட்டால் போதும். டோம்பிவிலியிலிருந்து தாக்குர்லி வழியாகக் கல்யாண் வரை இருப்புப்பாதையின் இரு பக்கமும் பச்சை கட்டிவிடும். லோக்கலில் கதவோரம் இடம் கிடைத்தவர்களுக்கு அது கண்ணுக்குக் குளிர்ச்சி. ஜூலை மாதக் கடைசியில் மறுபடி பாருங்கள். அந்தப் பச்சையின் மேல் யாரோ உப்பைத் தூவியது போல் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். அழகாகத்தான் இருக்கும். பூச்செண்டு கட்டுகிறவர்கள் ரோஜாக்களுக்கு நடுவே இதில் இரண்டு கொத்தைச் செருகி விற்பதைக்கூடப் பார்த்திருக்கிறேன்.

அதுதான் காங்கிரஸ் புல்.

மராட்டியர்கள் இதைக் ‘காஜர் கவத்’ என்கிறார்கள். காஜர் என்றால் கேரட்; கவத் என்றால் புல். இலை கேரட் இலையைப் போல வெட்டு வெட்டாக இருப்பதால் வந்த பெயர். ‘சடக் சாந்தனி’ என்று அழகான இன்னொரு பெயரும் மராத்தியில் உண்டு. நம்மூர்ப் பக்கம் பார்த்தீனியம் என்றும் விஷப்பூண்டு என்றும் சொல்வார்கள்.

புல், புல் என்று எல்லாரும் சொல்கிறோமே தவிர, இது புல்லே அல்ல. புல்லுக்குச் சல்லிவேர், இதற்கு ஆழமாக இறங்கும் ஆணிவேர். புல்லுக்குக் கத்தி போன்ற இலை; இதற்குக் கிழிந்த இலை. பயிர்நூல் அறிந்தவர்கள் இதைச் சூரியகாந்திக் குடும்பத்தில் சேர்த்திருக்கிறார்கள். பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. புல்தானே என்று மாட்டை அவிழ்த்து விடுவதும், புல்தானே என்று வெறுங்கையால் பிடுங்குவதும் இந்தப் பெயரால் வந்த வினைகள்.

பெயர் வந்த கதை

இதன் சொந்த ஊர் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியுள்ள அமெரிக்கப் பகுதி. நம் நாட்டில் இது களையாகப் பரவியதை முதலில் கவனித்தது நமக்குப் பக்கத்திலேயே உள்ள புனேயில்தான். 1955-ஆம் ஆண்டு வாக்கில் அங்கே குப்பைமேடுகளில் தென்பட்டது. மறு ஆண்டு, 1956-ல், ஆர்.எஸ். ராவ் என்ற தாவரவியலாளர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் இதைப்பற்றி எழுதினார்.

அமெரிக்கக் கோதுமை மூட்டையோடு வந்தது என்பது ஊரறிந்த கதை. பி.எல். 480 திட்டத்தில் கப்பல் கப்பலாகக் கோதுமை வந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோதுமைக்குக் காசு ஒதுக்கியது அமெரிக்கக் காங்கிரஸ். ஆகவே காங்கிரஸ் புல் என்று ஒரு விளக்கம். வெள்ளைப் பூ கதர்த் தொப்பி போல இருப்பதால் என்று மற்றொரு விளக்கம். இரண்டாவதைச் சொல்கிறவர்கள் ஒரு சிரிப்புடன்தான் சொல்வார்கள்.

ஆனால் தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை சற்று இடிக்கிறது. பி.எல். 480 ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது 1956 ஆகஸ்டு மாதம். செடியோ அதற்கு முந்திய ஆண்டே புனேக் குப்பைமேட்டில் நின்றது. 1951-ல் அமெரிக்கா கடனாகத் தந்த கோதுமையில் வந்திருக்கலாம் என்றால் பொருந்தும். இன்னும் பின்னே போனால், 1814-ல் வெளியான கல்கத்தா தாவரத் தோட்டத்துப் பட்டியலில் இந்தச் செடியின் பெயர் இருக்கிறது. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் 1880-ல் சேகரித்து உலர்த்தி வைத்த மாதிரி ஒன்றும் உண்டு. அப்படியானால் ஒரு முறை மட்டும் வந்ததல்ல. பல முறை, பல வழியில் வந்திருக்கிறது. முன்னால் வந்தது அடங்கிக் கிடந்தது. பின்னால் வந்தது பரவியது என்றும் கொள்ளலாம்.

மற்ற நாடுகளிலும் இதே கதைதான். எத்தியோப்பியாவில் பஞ்ச நிவாரணத் தானியத்தோடு வந்தது என்கிறார்கள். இலங்கையில் 1999-ல் வவுனியாவில் அடையாளம் கண்டார்கள். 1987 முதல் 1990 வரை அங்கிருந்த இந்திய அமைதிப்படையின் சாமான்களோடு வந்தது என்பது அங்கே பரவலான நம்பிக்கை. இன்று யாழ்ப்பாணத் தோட்டக்காரர்களுக்கும் இது தீராத் தலைவலி. எந்த நாட்டில் முளைத்தாலும், அங்கே வந்தவன் எவனோ அவன் பெயரில் இதை எழுதிவிடுகிறார்கள். வெளியூரிலிருந்து வந்தது என்று எதையாவது சுட்டிப் பேசும்போது மும்பையில் நம்மவர்கள் சற்று நெளிவது வழக்கம். ஆனால் இந்தச் செடிக்காக நெளிய வேண்டியதில்லை. வந்தது எப்படியோ போகட்டும். நின்று பெருகியதற்குக் காரணம் நம் காலடியிலேயே இருக்கிறது.

வெறும் தரை கிடைத்தால் போதும்

காங்கிரஸ் புல் அடர்ந்த காட்டுக்குள் போகாது. நல்ல புல்தரை மூடிய மேட்டிலும் சுலபத்தில் ஏறாது. சுரண்டிப் போட்ட மண், கொட்டிப் போட்ட மண், ஒருவரும் நடக்காத, ஒன்றும் நடாத காலிமனை – இவைதான் அதற்குச் சொர்க்கம். ரயில் பாதை ஓரம், ஜல்லி கொட்டிய யார்டு, புதிய சாலையின் விளிம்பு, கட்டடம் எழும்பி வரும் பிளாட் எல்லாம் இதில் அடக்கம். டோம்பிவிலியில் இவை எதற்குப் பஞ்சம்?

முளைத்த புதிதில் இது எழும்புவதே இல்லை. தரையோடு தரையாகத் தட்டு போல வட்டமாக இலையை விரித்துக்கொள்ளும். அந்தத் தட்டின் கீழே வேறு எதுவும் முளைத்து எழ முடியாது. இடத்தைப் பிடித்தான பிறகுதான் தண்டு கிளம்பும். நல்ல ஈரம் இருந்தால் இடுப்பளவு வரும். ஆள் உயரம் போவதும் உண்டு. முளைத்த நாலு முதல் ஆறு வாரத்துக்குள் பூ. பூத்தது பூத்தபடி மாதக்கணக்கில் நிற்கும்.

நாம் ஒரு பூ என்று நினைக்கும் அந்த வெள்ளைப் பொட்டு, உண்மையில் பல சிறு பூக்கள் சேர்ந்த தலை. ஒரு தலைக்கு ஐந்து விதை. அளவு ஒன்றிரண்டு மில்லிமீட்டர், கறுப்பு நிறம். ஒரு நல்ல செடி 15,000 முதல் 25,000 விதை வரை தரும் என்று நிபுணர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். சரி, 20,000 என்றே வைத்துக்கொள்வோம். நூற்றில் தொண்ணூற்றொன்பது வீணாகிறது என்றும் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மிச்சம் 200 செடி. அந்த 200 செடியும் தலைக்கு 20,000 விதை போட்டால் 40 லட்சம். இதற்கு ஓராண்டுகூட ஆகாது. ஈரமிருந்தால் ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தலைமுறை நடந்துவிடும்.

விதைக்கு உறக்கம் என்பது அநேகமாக இல்லை. மேலே கிடந்தால் அடுத்த மழைக்கே முளைக்கும். ஆனால் மண்ணுக்குள் புதைந்துவிட்டால் சில ஆண்டுகள் உயிரோடு காத்திருக்கும். டோம்பிவிலிக்கு இது மிக முக்கியமான விஷயம். கல்யாண்–ஷில் சாலைப் பக்கமும் மான்பாடா பக்கமும் வயலாகவும் தாழ்நிலமாகவும் இருந்த இடங்களை மேடாக்க லாரி லாரியாக மண்ணும் முரமும் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். எங்கேயோ தோண்டிய மண்ணில் தூங்கிக்கொண்டிருந்த விதை இங்கே வந்து கண் விழிக்கிறது. காற்றில் பறந்து வருவதைவிட, லாரிச் சக்கரத்திலும் கூட்ஸ் வாகனிலும் சாக்கடை நீரிலும் வருவதுதான் அதிகம். விதையின் பக்கத்தில் காற்றுப் பை போன்ற இரு சிறு உறுப்புகள் ஒட்டியிருப்பதால் நீரிலும் அது மிதந்து போகும்.

தான் வாழ்வதோடு நில்லாமல் பக்கத்தில் இருப்பதையும் வாழ விடாது. இலையிலும் வேரிலும் இருந்து கசியும் சில ரசாயனங்கள் அக்கம்பக்கத்து விதை முளைப்பதைத் தடுக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றது ‘பார்த்தெனின்’ என்னும் கசப்புப் பொருள். மாடு இதைத் தானாகத் தின்பதில்லை. வேறு தீனி இல்லாமல் தீவனத்தோடு கலந்து உள்ளே போனால் பால் கசக்கும். அதிகம் தின்ற மாடுகளும் எருமைகளும் நோய்ப்பட்டுச் செத்ததைச் சோதனையிலேயே கண்டிருக்கிறார்கள்.

சென்னை மெயிலில் ஊருக்குப் போகிற அன்பர்கள் ஒரு காரியம் செய்யலாம். கல்யாண் தாண்டி வண்டி மலை ஏறி லோணாவளா, புனே போனதும் ஜன்னலோரம் பாருங்கள். தவுண்ட், சோலாப்பூர், ராய்ச்சூர், குண்டக்கல் என்று மழை குறைந்த சீமையில்தான் இதன் ராஜ்யம் நடக்கிறது. அங்கே மேய்ச்சல் நிலத்தையே விழுங்கிவிட்டது. கொங்கணத்தின் அடைமழையில் மற்ற புல்பூண்டுகளும் போட்டிக்கு வருவதால் இங்கே அவ்வளவு இல்லை. இன்னும் நம் கையை மீறவில்லை என்பதே நான் சொல்ல வருவது.

‘ராத்திரி தூக்கமில்லை சார்’

எத்தியோப்பியாவில் ஒரு வட்டாரத்து மக்கள் இதற்கு வைத்திருக்கும் பெயருக்கு, ‘கையெழுத்துப் போட்டு நிலத்தைக் கொடுத்துவிடு’ என்று அர்த்தமாம். அது நிலத்தைப் பறிகொடுத்தவர்கள் வைத்த பெயர். நம் ஊரில் இது நிலத்தைவிட உடம்பைத்தான் அதிகம் பிடிக்கிறது.

நான் ரயில்வேயில் எழுத்தர். எனக்கு இந்தச் செடியை அறிமுகம் செய்து வைத்தவர் புத்தகக்காரர் யாரும் அல்ல. பாதையைப் பராமரிக்கும் கேங்மேன் ஒருவர்தான். (காகிதத்தில் இப்போது ‘டிராக் மெயின்டெய்னர்’, பேச்சில் இன்னும் கேங்மேன்தான்.) விழுப்புரம் பக்கத்துக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். முகம், கழுத்து, முழங்கை மடிப்பு எல்லாம் கறுத்துத் தடித்து, யானைத் தோல் போல வரி விழுந்திருக்கும். நான் முதலில் அதை வெயில் என்று நினைத்தேன்.

“வெயிலு எல்லாருக்குந்தான் சார் அடிக்குது. இது அந்தச் செடி. மொத பத்து வருஷம் வெறுங்கையாலதான் புடுங்கினேன், ஒண்ணும் ஆவல. அப்பறம் ஒரு மழைக்காலத்துல கண்ணு ரெப்பை வீங்கிச்சு. அதோட சரி. இப்ப பக்கத்துல போகவே வேணாம், காத்து அந்தப் பக்கத்துலேருந்து அடிச்சாலே போதும். ராத்திரி தூக்கமில்ல” என்றார்.

“டாக்டர்கிட்ட காட்டினீங்களா அண்ணே?”

“காட்டாம என்ன சார்? மருந்து போட்டா அடங்குது. அடுத்த வருஷம் செடி பூத்தா இதுவும் பூக்குது.”

அவர் சொன்னது ஒன்றுகூட மிகையில்லை. புனேயில் செடி பரவிய பத்துப் பதினைந்து ஆண்டுக்குள்ளேயே இந்தத் தோல் அழற்சி தலைகாட்டியது. 1960-களின் கடைசியிலேயே அங்குள்ள மருத்துவர்கள் இதைக் கண்டு எழுதினார்கள். 1974-ல் டாக்டர் லோங்கர் வெளிநாட்டு மருத்துவர் இருவருடன் சேர்ந்து விரிவாக எழுதியது உலகத் தோல் மருத்துவர்களின் கவனத்துக்கு வந்தது. செடியைத் தொடத் தேவையில்லை. உலர்ந்த செடியின் பொடியும் இலைமேல் இருக்கும் நுண்ணிய மயிரும் மகரந்தமும் காற்றில் வந்து தோலில் படிந்தாலே போதும். கண்ணிமை, கழுத்து, முழங்கை மடிப்பு என்று வியர்வை தங்கும் இடங்களில் முதலில் பிடிக்கும். மகரந்தம் சிலருக்குத் தும்மலையும் மூச்சிரைப்பையும் கொண்டுவரும்.

எல்லாருக்கும் வருவதில்லை என்பதுதான் இதில் ஏமாற்று வேலை. பல ஆண்டு ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் வரும். உடம்பு ஒரு முறை இதை எதிரியாக அடையாளம் கண்டுகொண்டால் பிறகு அநேகமாக ஆயுளுக்கும் மறப்பதில்லை. ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று தைரியமாகப் பிடுங்குகிறவரை அடுத்த ஆண்டு கேட்க வேண்டும்.

பிடுங்குகிறவர் யார் என்பதையும் கவனியுங்கள். பிளாட்டில் குடியிருக்கும் நாம் அல்ல. கேங்மேன், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளி, சொசைட்டித் தோட்டக்காரர், நாகாவில் காலையில் கூலிக்கு நின்று வேலைக்குப் பிடித்துக்கொண்டு வரப்படும் பெண்கள். புடவைத் தலைப்பை முகத்தில் சுற்றிக்கொண்டு வெறுங்கையால் கத்தை கத்தையாகப் பிடுங்கி, அதைத் தலைச்சுமையாகவே தூக்கிப் போகிறார்கள். ஒரு ஜோடி ரப்பர் கையுறையின் விலை அவர்களுடைய கூலியில் சின்னப் பங்குதான். ஒப்பந்தக்காரர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். “கொடுத்தால் விற்றுவிடுவார்கள்” என்று பதில் வந்தது. விற்கட்டுமே, மறுநாள் இன்னொன்று கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது.

வண்டும் தகரையும்

கர்நாடகம் 1975-லேயே சட்டப்படி இதைத் தீங்குக்களை என்று அறிவித்தது. சட்டத்தைச் செடி படிக்கவில்லை. பெங்களூர் முழுதும் பரவியது.

பிறந்த மண்ணான மெக்சிகோவில் இது ஏன் இப்படி ஆட்டம் போடுவதில்லை என்று விஞ்ஞானிகள் யோசித்தார்கள். அங்கே இதைத் தின்னப் பூச்சிகள் இருக்கின்றன. இங்கே செடி மட்டும் வந்தது, பூச்சி வரவில்லை. ஆகவே 1983-ல் மெக்சிகோவிலிருந்து ஒரு வண்டைப் பெங்களூருக்குக் கொண்டுவந்து, சோதித்து, 1984-ல் வெளியில் விட்டார்கள். வெண்மஞ்சள் முதுகில் பழுப்புக் கோடுகள் போட்ட, அரை சென்டிமீட்டருக்குச் சற்றுப் பெரிய வண்டு. வண்டும் தின்னும், அதன் புழுவும் தின்னும். சில ஆண்டுகளில் பெங்களூரைச் சுற்றிச் செடிகள் மொட்டையாக நின்றன. 1990-களின் தொடக்கத்தில், ‘வண்டு சூரியகாந்தியையும் கடிக்கிறது’ என்று ஒரு பீதி கிளம்பியது. ஆராய்ந்ததில் பயப்படும்படி இல்லை என்று முடிவாயிற்று. இன்று ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் இந்த வண்டை ஊர் ஊராக அனுப்புகிறது. மராட்டியத்திலும் இருக்கிறது. குறை என்னவென்றால், இந்த வண்டு மழைக்கால உத்தியோகஸ்தர். மழை நின்றதும் மண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். செடிக்கோ லீவு கிடையாது.

இன்னொரு வழி நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஊரில் தகரை என்போமே, இங்கே மராட்டியர் ‘டாக்ளா’ என்று முதல் மழைக்குக் கீரையாகக் கட்டி விற்பது, அதே செடிதான். தகரை அடர்ந்து முளைத்தால் காங்கிரஸ் புல்லுக்கு இடம் தராது. இது பல இடங்களில் சோதித்துப் பார்த்த உண்மை. கர்நாடகத்திலும் புனேப் பக்கத்திலும் தகரையின் இன்னொரு இனம் தானாகப் பரவி, காங்கிரஸ் புல்லைத் தள்ளிக்கொண்டு நின்றதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதுவும் அமெரிக்காவிலிருந்து வந்ததே. ஒன்றைத் துரத்த இன்னொன்றை விடுவதில் எனக்கு அவ்வளவு இஷ்டமில்லை. நம் தகரையே போதும். கீரைக்குக் கீரையும் ஆயிற்று.

நம் ஊர்க் காலண்டர்

ஆகஸ்டு 16 முதல் 22 வரை நாடெங்கும் ‘பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம்’ நடக்கிறது. நம் சொசைட்டிகளிலும் சுதந்திர தினத்தன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து, அந்தக் கையோடு சிரமதானம் என்று களை பிடுங்குவது வழக்கமாகிவிட்டது. எண்ணம் நல்லதே. ஆனால் நம் பக்கத்துக்கு அது காலம் கடந்த வேலை. இங்கே மழை ஜூன் இரண்டாவது வாரத்தில் பிடிக்கிறது. அப்போது முளைத்த செடி ஜூலை நடுவிலேயே பூத்துவிடும். ஆகஸ்டு பதினைந்தில் பிடுங்கும்போது மகரந்தத்தைத் தோலில் உதறிக்கொள்கிறோம். விதையை வழியெல்லாம் தூவிக்கொண்டே போய்ச் சாலையோரம் குவிக்கிறோம். பிள்ளைகளையும் அதில் இறக்கிவிடுகிறோம்.

நம் ஊருக்கு நாள் ஜூலை முதல் வாரம். அப்போது செடி தட்டு போல் தரையில் கிடக்கும், பூ இல்லை, ஈர மண்ணில் ஆணிவேரோடு சுலபமாக வரும். வேர் வராமல் மேலே அறுத்தால் அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். முழுக்கைச் சட்டையும் ரப்பர் கையுறையும் மூக்கை மறைக்கத் துணியும் அவசியம். உடம்பில் ஏற்கெனவே அரிப்பு உள்ளவர்களும் ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் பக்கத்திலேயே வரவேண்டாம். பூக்காத செடியைக் குழியில் போட்டுச் சாணம் தெளித்து மூடினால் நல்ல எரு. பூத்துவிட்டால் எருக்குழி வேண்டாம். கோணியில் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். கொளுத்துவதும் கூடாது, புகை யார் மூக்கில் போகும் என்று சொல்ல முடியாது.

ஆள் கிடைக்காத காலிமனைக்கு உப்புக் கரைசல் ஒரு கை வைத்தியம். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் சமையல் உப்பு, கொஞ்சம் சோப்புக் கரைசல். மழை விட்டு வெயில் அடிக்கும் நாளில் இலை நனையத் தெளித்தால் கருகிவிடும். தோட்டத்தில் செய்யாதீர்கள், மண் கெடும். தண்டவாளப் பக்கமும் வேண்டாம். இரும்புக்கு உப்பு ஆகாது.

பிடுங்கிய இடத்தை அப்படியே வெறுமையாக விட்டுவிட்டால் பத்தாம் நாள் அடுத்த தலைமுறை வந்து நிற்கும். தகரை நெற்று கார்த்திகை, மார்கழியில் சாலையோரமெல்லாம் காய்ந்து தொங்கும். ஒரு பை நிறையப் பறித்து உலர்த்தி வைத்துக்கொண்டு, மே மாதக் கடைசியில், மழைக்கு ஒரு வாரம் முன்பு, மனையில் தூவிவிட வேண்டும். எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் உள்ள காலி இடத்தில் சென்ற ஆண்டு இதைச் செய்தோம். கீரை பறிக்க மராட்டிய அம்மாமார்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் பறித்தது போக மிஞ்சியதே முழங்காலுக்கு நின்றது. காங்கிரஸ் புல் சுவரோரத்தில் பத்துப் பதினைந்து செடி. அதைக் கையுறை மாட்டிக்கொண்டு அரை மணியில் எடுத்துவிட்டோம்.